கதாநாயகிக்குக் குரல் கொடுத்தவர்

வள்ளிநாயகி இறந்த பத்தாம் நாள் வரதராசா ஒரு தாளில் விளம்பரம் எழுதி, ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் உள்ள மரக்கறிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். அறை வாடகைக்கு உண்டு, கணிதம் கற்பிக்கப்படும், சட்டை தைத்துத் தரப்படும் என்ற தாள்களுக்கு நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது.

'1993இல் லா சப்பலில் தமிழில் பேசி வெளிவந்த "வெளிச்சத்துக்கு வந்தவள்" என்ற அமெரிக்கப் படத்தின் வீடியோ கசெற் யாரிடமாவது இருந்தால் தொடர்பு கொள்ளவும். 31ஆம் நாளுக்கு முன் வேண்டும்.'

யாருடைய 31ஆம் நாள் என்று எழுத மறந்துவிட்டார். அது ஒட்டிய பிறகுதான் தெரிந்தது. திருத்தவில்லை.

கடைக்காரர் மதுஷன் வெளியே வந்து வாசித்தார்.

"அண்ணை, கசெற்றோ? இந்தக் காலத்திலை ஆரிட்டை கசெற் இருக்கு? இனிக் கப்பலுக்கு நிலக்கரியும் கேப்பியள்."

"இருந்தா இருக்கும். அம்மா அப்பா வைச்சிருப்பினம்."

"அந்தப் படம் எனக்கு நல்ல ஞாபகம். அருள்மலர் பேசினது. என்ன குரல் அண்ணை அது. அவ இப்ப டென்மார்க்கிலை இருக்கிறாவாம். ரெண்டு பிள்ளையள்."

"அது அருள்மலர் இல்லை. என்ரை மனிசி."

மதுஷன் அவரைப் பார்த்தார். கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டைக் கீழே வைத்தார்.

"துக்கத்திலை இருக்கிறியள் அண்ணை. வீட்டை போய்க் கொஞ்சம் படுங்கோ."

இதைத்தான் வரதராசா எதிர்பார்த்திருந்தார். அதனால்தான் கசெற் வேண்டியிருந்தது. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து மண்டபத்தில் நூற்றைம்பது பேர் சாப்பிட உட்காருவார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் குரல் தெரியும். யாருடையதென்று ஒருவருக்கும் தெரியாது. அவள் பெயரை அந்தக் குரலோடு சேர்த்துவிட வேண்டும். வாயால் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை.

அவருடைய கைபேசியில் வள்ளிநாயகி அனுப்பிய குரல் செய்திகள் நாற்பது இருந்தன. எல்லாம் கொத்தமல்லிக் கீரை, சீனி மாத்திரை, எத்தனை மணிக்கு வருவியள். அதை வைத்து யாருக்கு எதை நிரூபிப்பது?

*

1993 அளவில் அவருக்கு அந்தத் தெருவில்தான் வீடியோக் கடை. தமிழ்ப் படக் கசெற்றுகளை வாடகைக்குக் கொடுப்பார். ஒருநாள் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் பழைய கறுப்பு வெள்ளை அமெரிக்கப் படம் ஒன்று போனது. சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் பெண் ஒருத்தி நடிகையாகிறாள். ஊரெல்லாம் அவள் முகம். பிறகு இன்னொருத்தி வருகிறாள், இவளை மறந்துவிடுகிறார்கள். கடைசியில் தான் நடித்த பழைய படத்தைப் பார்க்கத் தானே சீட்டு வாங்கி, பின் வரிசையில் உட்காருகிறாள். சீட்டுக் கொடுப்பவனுக்கு அவளைத் தெரியவில்லை.

வரதராசா அதைப் பதிந்துகொண்டார். வள்ளிநாயகி மூன்று தரம் பார்த்தாள். பாஷை விளங்காமலே பார்த்தாள்.

"இந்த மனிசி தமிழ் கதைச்சா எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாள்.

அப்படித்தான் தொடங்கியது. தபால் கந்தோரில் வேலை செய்த புதுச்சேரி ராதாகிருஷ்ணன் வசனங்களைப் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு எழுதித் தந்தார். அவருடைய தமிழை வள்ளிநாயகி யாழ்ப்பாணத்துக்கு மாற்றினாள். ஒலியை மட்டும் மாற்றிப் பதியும் பொத்தான் உள்ள வீடியோ டெக் ஒன்றை வரதராசா தேடி வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை ஜன்னலுக்குப் போர்வை கட்டி, பிரிட்ஜின் இரைச்சல் விழாமலிருக்க அதை நிறுத்திவிட்டு, மேசையில் ஒரேயொரு மைக்கை வைத்துக்கொண்டு பேசினார்கள். ஆண் குரலெல்லாம் வரதராசாவும் ராதாகிருஷ்ணனும். நடிகை வள்ளிநாயகி. பாட்டுகளை ஆங்கிலத்திலேயே விட்டார்கள். ஒன்பது ஞாயிறு எடுத்தது.

நாற்பது பிரதி போட்டார். முதல் வாரம் பார்த்தவர்கள் சிரித்தார்கள். வெள்ளைக்காரி வாயைத் திறந்தால் 'ஏனப்பா இப்பிடிச் செய்யிறியள்' என்று வருகிறது, சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒருவரும் சிரிக்கவில்லையாம். கசெற் லண்டனுக்கும் சூரிச்சுக்கும் ரொறன்ரோவுக்கும் போனது. படத்தில் நடிகை ஒரு இடத்தில், தன்னை உள்ளே விட மறுக்கும் காவல்காரனிடம், "என்னைத் தெரியேல்லையே? வடிவாப் பாருங்கோ" என்பாள். விசாவுக்காகப் பிரெபெக்சர் என்ற அரச அலுவலக வாசலில் விடிய நாலு மணிக்கு வரிசையில் நின்ற பொடியன்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். உள்ளே கவுண்டரில் இருந்தவளிடமும் ஒருவன் தமிழிலேயே சொன்னதாகக் கதை.

பெயர்களைத் திரையில் போட இயந்திரம் இல்லை. அதனால் படம் முடிந்ததும் வரதராசாவே வாயால் வாசித்துப் பதிந்தார். மொழிபெயர்ப்பு ராதாகிருஷ்ணன். ஒலிப்பதிவு வரதராசா. கதாநாயகிக்குக் குரல் கொடுத்தவர் அருள்மலர்.

அப்படி ஒருத்தி இல்லை. அந்த நிமிடம் வாயில் வந்த பெயர்.

*

ராதாகிருஷ்ணனுக்கு இப்போது எண்பத்து நான்கு. மெத்ரோ பாலத்துக்குக் கீழே உள்ள கபேயில் தினமும் பத்து மணிக்கு ஒரு சின்னக் காப்பியோடு உட்கார்ந்திருப்பார். வரதராசா எதிரில் உட்கார்ந்தார்.

"என்கிட்ட இருந்த கசெட்டைக் கேட்டா எப்படிப்பா? என் பொண்ணு வீடு மாறினப்ப எல்லாத்தையும் எடுத்து பூபெல்ல, அதான் குப்பைத் தொட்டியில, போட்டுட்டா. என்னையும் போட்டிருப்பா, கனமா இருந்தேன், விட்டுட்டா."

"மூலக் கசெற் கூசேன்வில் வீட்டு நிலவறையிலை பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு, ஐயா. கடை மூடேக்கை மிச்சத்தை எறிஞ்சிட்டன்."

"வாடகைக்கு எடுத்தவங்க?"

"திருப்பித் தராத ஆக்கள் இருக்கினம். ஆனா அவை அதுக்கு மேலை ஏதும் பதிஞ்சிருப்பினம்."

அது எல்லோரும் செய்ததுதான். கசெற்றின் முதுகில் இருக்கும் சின்னத் தகட்டை உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது. வரதராசா ஒவ்வொன்றிலும் உடைத்துத்தான் கொடுத்தார். சனங்கள் அந்த ஓட்டையில் ஒரு துண்டு ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். கலியாணத்துக்கும், பெண்பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்திய வீட்டுக்கும் படம் பிடிக்க வந்தவர், கனடாவுக்கும் கொழும்புக்கும் அனுப்பப் பிரதி வேண்டுமென்றால் வெறுங் கசெற் கொண்டு வாருங்கள் என்பார். வீட்டில் கிடந்ததைக் கொண்டு போவார்கள். அப்படி எத்தனையோ படங்கள் பிள்ளைகளின் ஆலாத்தித் தட்டுகளுக்குக் கீழே போய்விட்டன.

ராதாகிருஷ்ணன் கரண்டியால் கோப்பையைத் தட்டினார்.

"அந்தப் படத்துல ஒரு பாட்டு வரும், ஞாபகம் இருக்கா? பாடினது அந்த நடிகை இல்ல. வேற ஒரு பொண்ணு. ஸ்டூடியோக்காரங்க பேரே போடல. பாடினவங்க செத்தப்பறம்தான் பேப்பர்ல வந்துச்சு. படம் எடுத்த கதையைப் பத்தி ஒரு பத்திரிகையில படிச்சிட்டு வந்து உங்க வீட்ல சொன்னேன்."

"ஞாபகம் இருக்கு."

"வள்ளியம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'பேர் போடேல்லையே? பாவம்' அப்படின்னாங்க. அவங்க பேச்சு மாதிரியே சொல்றேனா?"

வரதராசா மேசையில் இருந்த சீனிப் பொட்டலத்தைத் திருப்பி வைத்தார்.

"நீங்க ஏன் அவங்க பேரைப் போடல? நான் அப்பவே கேட்டேன். அவங்க அண்ணன் வேணாம்னு சொன்னதாச் சொன்னீங்க."

"ஓம்."

"அந்த ஆளு இன்னும் இருக்காரா?"

"லண்டனிலை இருக்கிறார். முப்பத்தோராம் நாளுக்கு வாறார்."

"வரட்டும். நான் கேக்கறேன்."

வரதராசா எழுந்துகொண்டார். காப்பிக்குச் சில்லறை வைத்தார்.

வள்ளிநாயகியின் அண்ணன் பொன்னம்பலம் எதுவும் சொல்லவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பும் இல்லை. ஒன்பதாவது ஞாயிறு, கடைசி வசனத்தை அவள் பேசிய விதத்தைக் கேட்டபோது இந்தக் குரல் ஊரெல்லாம் பேசப்படும் என்று வரதராசாவுக்குத் தெரிந்தது. கடைக்கு வரும் ஆண்களை நினைத்தார். கவுண்டருக்கு மேலால் எட்டி, 'அக்கா, அந்த வசனத்தை ஒருக்காச் சொல்லுங்கோ' என்பார்கள். வீட்டுக்கு வருவார்கள். வீடியோக்கடை வரதன் என்பது போய், அவளுடைய மனிசன் என்றாகிவிடும். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை.

அவளுக்கு மட்டும் ஒரு காரணம் தேவைப்பட்டது. அதற்கு அவளுடைய அண்ணனின் பெயரைப் பயன்படுத்தினார்.

அதன் பிறகு அவள் எதையும் பேசிப் பதியவில்லை. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கந்தீனில் வேலைக்குப் போனாள். ஒருமுறை மட்டும், மெத்ரோவில் இரண்டு பெண்கள் அவளுடைய குரலைப் போலப் பேசிக் காட்டியதாக வந்து சொன்னாள். "என்னை மாதிரியே இல்லை" என்று சிரித்தாள். கோட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள்.

*

பத்தொன்பதாம் நாள் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். பெயர் சுபாங்கி. லா கூர்னெவ்வில் இருக்கிறாள். காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் வேலை.

"அங்கிள், என்னட்டை முழுப் படம் இல்லை. கடைசித் துண்டு மட்டும். ஒரு ஏழு நிமிசம். மேலை என்ரை சாமத்திய வீடு."

கடைசி ஏழு நிமிடம் என்றால் எது என்று வரதராசாவுக்குத் தெரியும். அவள் சீட்டு வாங்குவது, நடப்பது, உட்காருவது. அதில் ஒரு வசனமும் இல்லை. வெறும் இசை. பிறகு அவருடைய குரல், பெயர்களோடு.

"வரட்டே?" என்று கேட்டார். ஏன் கேட்டார் என்று தெரியவில்லை.

சுபாங்கிக்கு நாற்பது வயதிருக்கும். தேத்தண்ணி வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தாள். போன வருடம் தாயின் எழுபதாவது பிறந்தநாளுக்காகக் கசெற்றைக் கணினிக்கு மாற்றி நுமெரிசே பண்ணியிருந்தாள்.

"கடைக்காரன் கேட்டவன், கடைசியிலை வாற துண்டை வெட்டட்டோ எண்டு. நான் விடச் சொல்லிட்டன். சின்னனிலை இருந்து எனக்கு அதுதான் பிடிக்கும். என்ரை முகத்தைப் பாருங்கோ, அஃப்ரே, சகிக்கேலாது."

திரையில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, தலை நிறையப் பூவோடு, யாரையோ முறைத்துக்கொண்டிருந்தாள். மாமிமார் தட்டுகளோடு வந்தார்கள். பிறகு படம் நடுங்கியது. மாமிமாரின் படம் பாதியில் அறுந்தது. கறுப்பு வெள்ளையில் ஒரு பெண் சீட்டுக் கவுண்டரின் முன்னால் நின்றாள்.

அவள் காசைக் கொடுத்தாள். இருட்டுக்குள் நடந்தாள். பின் வரிசையில் உட்கார்ந்தாள். இசை உயர்ந்தது. பிறகு முப்பத்தாறு வயது வரதராசாவின் குரல், செய்தி வாசிப்பவரைப் போல: "...கதாநாயகிக்குக் குரல் கொடுத்தவர், அருள்மலர்."

அவர் எழுந்திருக்கப் போனார்.

"இருங்கோ அங்கிள், முடியேல்லை."

திரையில், தொலைக்காட்சியில் படத்துக்கு அடுத்துப் போன விளம்பரம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல், யாரோ எழுந்ததுபோல், கதிரை ஒன்று தரையில் இழுபட்டது. வள்ளிநாயகியின் குரல் கேட்டது.

"ஆரப்பா அருள்மலர்?"

பிறகு அவருடைய குரல், செய்தி வாசிக்காத குரல்.

"உம்மடை அண்ணை போன் எடுத்தவர். உம்மடை பேரைப் போட வேண்டாமாம்."

"அண்ணையே?"

"ஓம்."

விளம்பரத்தில் ஒரு கார் மலைப்பாதையில் போனது.

"அப்பிடியே சொன்னவர்? சரி. பிரிட்ஜைப் போடுங்கோ, பால் பழுதாப் போம்."

அன்று பெயர்களை வாசித்து முடித்ததும் டெக்கை நிறுத்த மறந்திருக்கிறார். பிரதி போடும்போது பெயர்கள் முடிந்ததும் நிறுத்திவிடுவார். இந்தப் பிரதி ஓடியபோது கடைக்கு யாரோ வந்திருக்க வேண்டும். அவளிடம் அந்தப் பொய்யை அடுத்த நாள் சொன்னதாகத்தான் இத்தனை வருடமும் அவருக்கு நினைவு.

"நான் அதுதான் படத்தின்ரை முடிவு எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்" என்றாள் சுபாங்கி. "ஆர் அருள்மலர் எண்டு கேக்கிறா. ஒழுங்கான பதில் இல்லை. பிரிட்ஜைப் போடச் சொல்லுறா. என்ன ஒரு சினிமா எண்டு லிசேயிலை படிக்கேக்கை சிநேகிதிகளுக்கெல்லாம் சொன்னனான்."

அவள் அவருடைய முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

"ஆர் அங்கிள் அவ?"

"வள்ளிநாயகி" என்றார் வரதராசா. "என்ரை மனிசி. எழுதி வையும், பிள்ளை."

அவள் பேனாவைத் தேடினாள். உண்மையாகவே எழுதினாள்.

*

மகன் கீர்த்தனன் றுவாசி விமான நிலையத்தில் வேலை செய்கிறான். முப்பத்தோராம் நாள் காலை மண்டபத்துக்குச் சீக்கிரமாக வந்து, கணினியைப் பெரிய திரையோடு பொருத்தினான். துண்டை ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டான். தாயின் குரல் வந்தபோது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பிறகு பிரெஞ்சில் சொன்னான்: உங்கள் பதிலை மட்டும் வெட்டலாம், பாப்பா. அம்மாவின் கேள்வி இருக்கும். பிரிட்ஜ் இருக்கும். சில விநாடி வேலை.

"மாமா போன் எடுக்கேல்லைத்தானே?" என்று தமிழில் கேட்டான்.

"இல்லை."

"அப்ப வெட்டுவம். அவர் முன்னுக்கு இருப்பார்."

வரதராசா நினைவு மலரைப் புரட்டிக்கொண்டிருந்தார். அச்சாகி வந்துவிட்டது. அன்பு மனைவி, பாசமிகு தாய், சிறந்த இல்லத்தரசி. எட்டுப் பக்கத்தில் எங்கும் குரல் என்ற சொல் இல்லை.

"வெட்டாதை" என்றார்.

கிரியை முடிந்தது. சனங்கள் வந்தார்கள். மதுஷன் ஒரு பெட்டி வாழையிலை கொண்டுவந்து வைத்தார். சுபாங்கி பின்னால் நின்றாள். ராதாகிருஷ்ணன் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, பொன்னம்பலத்துக்குப் பக்கத்துக் கதிரையைத் தேடி உட்கார்ந்தார். பொன்னம்பலத்துக்கு எழுபத்தைந்து. வெள்ளை வேட்டிக்கு மேல் லண்டன் கோட்டைக் கழற்றாமல் இருந்தார்.

வரதராசா மைக்கைப் பிடித்தார். பேச ஒன்றும் ஆயத்தம் செய்யவில்லை.

"வெளிச்சத்துக்கு வந்தவள் எண்ட படத்திலை பேசினது வள்ளிநாயகி. பேரை மாத்தினது நான். ஏன் எண்டு இதிலை ஒரு காரணம் சொல்லுறன். அது பொய். கேளுங்கோ."

படம் ஓடியது. அந்தப் பெண் சீட்டு வாங்கினாள், நடந்தாள், உட்கார்ந்தாள். அருள்மலர் என்ற பெயர் வந்தபோது மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பழைய ஆளைத் தெருவில் கண்ட மாதிரி. பிறகு வள்ளிநாயகி கேட்டாள். வரதராசா பதில் சொன்னார். பால் பழுதாப் போம் என்றாள் அவள். யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள்.

மதுஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ராதாகிருஷ்ணன் பொன்னம்பலத்திடம் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. தடியைக் காலுக்கிடையில் வைத்து, வரதராசாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தி தொடங்கியது. பொன்னம்பலம் எழுந்து போகவில்லை. வரதராசா அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"நான் போன் எடுக்கேல்லை, வரதன்."

"ஓம், மச்சான்."

"படத்தை லண்டனிலை பாத்தனான். ரெண்டு தரம். என்ரை தங்கச்சியின்ரை குரல் எனக்குத் தெரியாதே? பேரை மாத்தி வைச்சிருக்கிறாள், எங்களுக்குத் தெரியக்கூடாதெண்டு நினைக்கிறாள் போலை எண்டு நானும் வாய் திறக்கேல்லை." அவர் கோட்டின் பொத்தானைப் பூட்டினார், கழற்றினார். "வாற நேரமெல்லாம் சோறு போட்டுத் தந்தவள். நல்லாப் பேசினனீ பிள்ளை எண்டு ஒரு சொல்லு நான் சொல்லேல்லை."

வரதராசா நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான் தடுத்தனான் எண்டு நினைச்சுக்கொண்டே போனவள்?"

"ஓம்."

"கடைசி மட்டும்?"

"ஓம். நான் சொல்லேல்லை."

பொன்னம்பலம் கையை ஓங்குவார் என்று வரதராசா எதிர்பார்த்தார். ஓங்கினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தார். பொன்னம்பலம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கறுப்பாக இருந்தது.

"கடைசித் துண்டை இன்னொருக்காப் போடச் சொல்லு" என்றார்.

கீர்த்தனன் போட்டான். பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளிகளோடு அப்படியே நின்றார்கள். கதிரை இழுபட்டது. ஆரப்பா அருள்மலர் என்றாள். அண்ணையே என்றாள். அந்தச் சொல்லுக்குப் பொன்னம்பலம் 'இல்லை' என்று தலையை ஆட்டினார். திரையில் கார் மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தது.

சரி என்றாள். பாலைப் பற்றிச் சொன்னாள். அடி வைக்கும் சத்தம், சுவிட்சின் சத்தம், பிறகு பழைய பிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. அதற்குப் பிறகு பதிவு இல்லை.